டொக்கென்று கேட்ட ஏழு பாட்டுகள்

விருத்தாசலம்
12-8-2007

அன்புள்ள மகன் சாவியோவுக்கு அப்பா பிலோமின்ராஜ் எழுதுவது. இங்கு நான் சுகம் என்றே நினைக்கிறேன். உன் சுகத்துக்காக இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன்.

நீ அனுப்பிய சி.டி. கிடைத்தது. ஜப்பான் கார்ட்டூன் கதைகளை ராப் பாட்டாகப் பாடியிருப்பதாகவும், இதற்காக ஒன்றாம் தேதி கம்பெனி வேலையை விடப்போவதாகவும் எழுதியிருந்தாய். "கோப்பையத் தட்டிப் பாக்கற மாதிரி தட்டிப் பாத்து சொல்லுங்கப்பா. நீங்க வேணாம்னா பாட்ட விட்டுடறேன்" என்று போனிலும் சொன்னாய். இவ்வளவு பெரிய முடிவை என்னிடம் விட்டுவிட்டாயே என்று இரண்டு நாள் சி.டி.யைத் தொடவில்லை.

பிறகு நாளுக்கு ஒரு பாட்டு, மூன்று முறை, தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கேட்டேன். முதல் பாட்டில் யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள். இரண்டாவதில் அதே பீரோவைத் திரும்ப இழுத்து வருகிறார்கள். நடுவே நீ எதையோ கோபமாகச் சொல்கிறாய். என்மீது ஏதும் மனத்தாங்கலோ என்றுகூட யோசித்தேன். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. வார்த்தையை விழுங்குவது இப்போது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது, பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியாரின் பிரசங்கமும் அப்படியேதான் இருக்கிறது. நாலாவது பாட்டு ஓடும்போது பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏங்க, பாட்டுல வர்ற அந்த முள்ளு முள்ளா முடி வச்ச பையன் செத்துட்டானே, பொழச்சி வருவானா மாட்டானா? எனக்கு வேலையே ஓடல."

தெரியவில்லை என்றேன்.

"உங்க புள்ளதான பாடுது?" என்றார்.

சாவியோ, இருபத்தாறு வருஷம் பீங்கான் சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளைக் குச்சியால் தட்டிக் கேட்டவன் நான். கணீரென்றால் அனுப்புவோம். டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று கழித்துவிடுவோம். உன் ஏழு பாட்டும் எனக்கு டொக்கென்றுதான் கேட்கின்றன. நான் தவறாகவும் இருக்கலாம், ஆனால் காதில் விழுந்ததைத்தானே சொல்ல முடியும். பாட்டை விட்டுவிடு, வேலையை விடாதே. இதை எழுதக் கை வராமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

அப்பா,
பிலோமின்ராஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் டீ குடித்தேன். பழக்கத்தில் காலிக் கோப்பையைக் குச்சியால் தட்டினேன். டொக்கென்றது. அலமாரியிலிருந்த மற்ற ஐந்தையும் இறக்கித் தட்டினேன். எல்லாம் டொக். கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினேன். "மணியாட்டம் கணீர்னுதாங்க இருக்குது. அத ஏன் போட்டு அடிக்கிறீங்க?" என்றார். அதையே அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே மேலே எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதே. மறுபடி எழுதத் தெம்பில்லை. வேலை விஷயத்தை நீயே முடிவு செய்துகொள். அந்தப் பையன் பிழைத்தானா என்று மட்டும் எழுது, அவர் தினமும் கேட்கிறார். நான் ஓய்வு பெற்ற வருஷம் கோப்பைகள் வழக்கத்தைவிட நிறையக் கழிந்தன. மண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.