முள்ளம்பன்றியின் கம்ப்யூட்டரில் இரண்டாவது லினக்ஸ்

ஒரு காட்டில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அது குரங்குக்குப் பொறுக்கவில்லை.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய அந்தக் கம்ப்யூட்டர், குளத்து எழுத்தர் முள்ளம்பன்றி செங்கோடனுடையது. கோடையில் எந்த மிருகம் எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்ற முறைப்பட்டியல் அதில்தான் இருந்தது. பட்டியல் இல்லையென்றால் எருமைக் கூட்டம் குளத்தைச் சேறாக்கிவிடும். முயல்கள் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான்.

"இன்னுமா அண்ணே இந்தப் பழைய லினக்ஸோட மாரடிக்கிறீங்க? பக்கத்துலயே புதுசு ஒண்ணு போட்டுத் தரேன். ரெண்டும் இருக்கட்டுமே" என்றது குரங்கு.

செங்கோடன் மண்டையை ஆட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஆள் தேடிப் போகவா வேண்டும்?

போட்டு முடித்து ஆன் செய்தால், எந்த லினக்ஸ் வேண்டும் என்று கேட்கும் மெனுவில் புது லினக்ஸ் மட்டும் வந்தது. பழையதைக் காணோம். முறைப்பட்டியலும் அதோடு போயிற்று.

"அடப்பாவி, நாளைக்கு எருமைங்க வந்து நிக்குமேடா!"

"பதறாதீங்க அண்ணே. எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேருந்து போட்டுடலாம்."

செங்கோடன் காட்டு லினக்ஸ் வாட்ஸாப் குழுவில் கதறினார். "அந்த லினக்ஸா? அதையெல்லாம் ஒரு மிருகம் போடுமா?" என்றது மயில். "நெட்ல தேடிப் பாத்தீங்களா?" என்றது காகம். ஆந்தை காலை வணக்கம் போட்டது.

கடைசியில் உடும்பு வந்து, உடும்புப்பிடியாக உட்கார்ந்தது. "பழசு டிஸ்க்ல பத்திரமா இருக்குங்க. புதுசு தன் மெனுவுல அதோட பேரைச் சேர்க்கலை, அவ்வளவுதான்." வேறு லினக்ஸ் இருக்கிறதா என்று தேடும் வசதி அணைந்து கிடந்தது. உடும்பு அதை முடுக்கி, மெனுவை மறுபடி எழுத வைத்தது. இரண்டும் வந்தன. மறுநாள் முயல்கள் தண்ணீர் குடித்தன.

உடும்புக்கு மாலை விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நல்லா நினைச்சீங்க!

அடுத்த வாரம் செங்கோடன் போன் செய்தார். "ஏம்ப்பா, நீ தொட்டதுலேருந்து பிரிண்டர்ல பேப்பர் சிக்குது. என்ன பண்ணி வெச்சே?" பிறகு கரண்ட் போனது, அதற்கும் உடும்பைக் கூப்பிட்டார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்தது, அதற்கும் விசாரணை வைத்தார்கள். அதே வாரம் குரங்குக்கு மேடை போட்டு, 'காட்டுக்கு இரண்டு லினக்ஸ் தந்த வித்தகர்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் செங்கோடன்.

பிறகொரு நாள் கரடி ஒன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. "நீங்கதானே கம்ப்யூட்டர் பாக்குற உடும்பு?"

"இல்லீங்க," என்றது உடும்பு. "நான் பல்லி."

நீதி: கெடுத்தவனுக்குப் பொன்னாடை, சரிசெய்தவனுக்கு விசாரணை. விஷயம் தெரிந்தவர்கள் பல்லியாகப் பிழைத்துக்கொள்க.