அஞ்சு செகண்டுக்குள் பதில்

"உங்கள் விடுப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: பதில் வரவில்லை."

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குத் திரையில் வந்த இந்த இரண்டு வரியை அவர் நான்கு தடவை படித்தார். புரியாமல் இல்லை. அந்த வரிகளை எழுதி வைத்ததே அவர்தான்.

அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் "அஞ்சு செகண்ட்" என்றுதான் அவரைச் சொல்வார்கள். அங்கே ஓடும் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி போட்டுக் கொடுத்தவர் அவர். ஒருத்தர் லீவ் கேட்டால், லீவ் புரோகிராம் வருகைப் பதிவு புரோகிராமுக்கு ஒரு கடிதம் போடும்: இந்த ஆளுக்கு லீவ் பாக்கி இருக்கிறதா, கழித்துக்கொள்ளலாமா? அது கழித்துவிட்டுப் பதில் போடும். இரண்டுக்கும் முகம் தெரியாது, கடிதப் போக்குவரத்து மட்டும்தான். அப்படியானால் கேட்டவன் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது?

இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெரிய கூட்டத்தில் எழுந்து நின்று அவர் விடை சொன்னார். "அஞ்சு செகண்ட். அதுக்குள்ள பதில் வரலைன்னா இல்லைன்னு எடுத்துக்கணும். சும்மா காத்துக்கிட்டே இருக்கிறவனால யாருக்கும் பிரயோஜனம் கிடையாது." கூட்டத்தில் கை தட்டினார்கள்.

வருகைப் பதிவு ஓடும் மெஷின் பழசு. மாசக் கடைசியில் அதற்குத் தலைக்கு மேல் வேலை, பதில் சொல்ல ஏழு செகண்ட் ஆகும். ஆகவே மாசக் கடைசியில் அந்த அலுவலகத்தில் காய்ச்சல் வந்தவனுக்கும் லீவ் கிடையாது, கல்யாணம் வைத்தவனுக்கும் கிடையாது. வந்த புகாரையெல்லாம் "விதின்னா விதிதான்" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பியவரும் இதே மனுஷர்தான். இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது.

அவருக்கு வேண்டியது இரண்டு நாள். வேறு ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இதயத்தில் ஆபரேஷன். வார்டு நர்ஸ் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டுச் சொன்னாள். அப்பாவும் போனை வாங்கிப் பேசினார்.

"வந்துருவியாப்பா?"

"வந்துருவேன்ப்பா."

"உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்," என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார்.

ஆறு வருஷம் முன்னால் அம்மா விஷயத்திலும் அவர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். வருவேன் என்றார், ஒரு சின்ன வேலை பாக்கி என்று உட்கார்ந்தார், நாலு மணி நேரம் பிந்திப் போனார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இப்போதும் நினைத்துக்கொள்வார்.

சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதை விட்டால் மறுநாள் காலை ஐந்து மணிக்குத்தான். லீவ் வாங்காமல் போகவும் வழியில்லை. அப்படிப் போன ஒருத்தருடைய அடையாள அட்டை மறுநாளே செத்துப்போய், பின்னாலேயே வேலையும் போயிற்று.

அவர் மேனேஜர் மேடத்தின் அறைக்குப் போனார்.

"மேடம், சிஸ்டம் என் லீவைத் தள்ளிடுச்சு. நீங்க கொஞ்சம் பாத்து..."

"நான் எங்க சார் பாக்கிறது?" மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். "மனுஷங்க கை வெச்சா ஆளுக்கு ஒரு நியாயம் வந்துரும்னு லீவ் குடுக்கிற என் பட்டனை எடுத்ததே நீங்கதானே."

அது உண்மைதான். அவர் தன் இடத்துக்குத் திரும்பி வந்தார்.

சரி, விதியைக் கொஞ்சம் இளக்கினால் போகிறது என்று உட்கார்ந்தார். அஞ்சு செகண்டுக்குள் பதில் வராவிட்டால் உடனே 'இல்லை' என்று சொல்லாமல், இன்னொரு தடவை கேட்கட்டும். மூன்று தடவை வரை கேட்கட்டும். பன்னிரண்டு மணிக்குள் மாற்றி எழுதிவிட்டு மறுபடி விண்ணப்பித்தார்.

"நிராகரிக்கப்பட்டது. காரணம்: லீவ் பாக்கி இல்லை."

அவருக்கு நாலு நாள் பாக்கி இருந்தது. எங்கே போயிற்று என்று தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காலையில் கேட்ட முதல் கடிதமே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பழைய மெஷின் பொறுப்பாக இரண்டு நாளைக் கழித்துவிட்டு, ஏழாவது செகண்டில் பதிலும் போட்டிருந்தது. கேட்ட ஆள்தான் இடத்தில் இல்லை. இப்போது மறுபடி கேட்டதும் அது இன்னொரு இரண்டு நாளைக் கழித்தது. அதற்கும் அடுத்த தடவை கேட்டபோது கழிக்க ஒன்றும் இல்லை, சட்டென்று கையை விரித்துவிட்டது. 'இல்லை' என்று சொல்ல மட்டும் அதற்கு ஒரு செகண்ட்கூட ஆகவில்லை.

ரெண்டு வருஷமாக லீவ் கிடைக்காத அத்தனை பேருக்கும் லீவ் கழிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்பதும் அப்போது அவருக்குப் புரிந்தது. அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரையை மூடினார்.

"என்ன சார், முகமே சரியில்லை?" பக்கத்து மேஜைப் பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்லைம்மா. ரத்து பண்ணணும்."

"லீவையா? கிடைக்கவே இல்லைன்னீங்களே."

"கிடைக்கலை. ஆனா எடுத்துட்டேன்."

அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ரத்துக் கடிதம் போட்டால் இரண்டு நாள் திரும்பி வரும். ஆனால் அதற்கும் பதில் பிந்தினால்? மூன்று தடவையோடு நிறுத்தினால்தானே வம்பு, பதில் கையில் கிடைக்கிற வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று முடிவு செய்து ஓடவிட்டார். விட்டுவிட்டுச் சாப்பிடப் போனது அவர் செய்த தப்பு. ஒவ்வொரு ரத்துக்கும் அந்த மெஷின் இரண்டு நாளைத் திருப்பிக் கொடுத்தது. பதில் ஏழாவது செகண்டில் வந்தது. இவர் புரோகிராமோ ஐந்தாவது செகண்டிலேயே அடுத்ததைக் கேட்டுவிட்டு, பழைய பதிலைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு அவர் வந்தபோது கணக்கில் ஐந்நூற்று எண்பது நாள் லீவ் சேர்ந்திருந்தது.

மேடம் அவரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"மேலிடத்துலேர்ந்து போன். நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் ஒன்றரை வருஷத்துக்கு மேல லீவ் சேத்து வெச்சிருக்காராம். அந்த ஆள் பேர்ல எதையும் தொடக்கூடாதுன்னு பூட்டிட்டாங்களாம். யாருன்னு விசாரிக்கச் சொல்றாங்க."

"நான்தான் மேடம்."

"தெரியும் சார்."

அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவைப் பற்றியும், ஏனோ, சொல்லிவிட்டார். மேடம் போனைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு ஆளுக்கு ஆள் போன் போட்டு, கெஞ்ச வேண்டியவரைக் கெஞ்சி, நாலரை மணிக்குப் பூட்டை எடுக்க வைத்தாள்.

"இந்தத் தடவையாவது ஒரே ஒரு தரம் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க. என்ன அவசரம் உங்களுக்கு?"

அவசரம் ஆறு மணி பஸ். ஆனாலும் மேடம் சொன்னது நியாயமாகப் பட்டது. அஞ்சு செகண்ட் கெடுவையே எடுத்துவிட்டார். ஒரு தடவை கேள், பதில் வரும்வரை காத்திரு, அவ்வளவுதான். நாலு அம்பதுக்கு விண்ணப்பம் போயிற்று.

அந்தப் பக்கம் வருகைப் பதிவு புரோகிராம் கடிதத்தைப் பிரித்தது. இந்த ஆளுக்கு ஏகப்பட்ட ரத்து நடந்திருக்கிறதே என்று சந்தேகப்பட்டது. எது கடைசி என்று லீவ் புரோகிராமிடமே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது. லீவ் புரோகிராமோ தன் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் வேறு வேலை என்று காத்திருந்தது. கெடு இல்லாததால் இரண்டும் நல்ல பிள்ளைகளாகக் காத்திருந்தன.

ஐந்து மணிக்குப் பக்கத்து மேஜைப் பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"சார், வெளிக் கேட்டு திறக்க மாட்டேங்குது."

வெளிக் கேட்டும் வருகைப் பதிவு புரோகிராமிடம் விசாரித்துத்தான் திறக்கும். அந்த வரிசையில் முதல் ஆளாக இவருடைய விண்ணப்பம் உட்கார்ந்திருந்தது. ஐந்தேகாலுக்குள் கேட்டுக்கு முன்னால் நாற்பது பேர் அட்டையும் கையுமாக நின்றார்கள்.

"சாவி இல்லையா?" என்று அவர் வாட்ச்மேனைக் கேட்டார்.

"இருந்துச்சு சார். மெஷின் வந்தப்புறம் உனக்கெதுக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

யார் வாங்கினார்கள் என்று அவர் கேட்கவில்லை. வாட்ச்மேனும் சொல்லவில்லை.

வழி ஒன்றுதான். எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் காத்திருக்கும் கடிதமெல்லாம் அழியும், அவர் விண்ணப்பமும் சேர்ந்து. மெஷின் எழுந்து உட்கார முக்கால் மணி நேரம் ஆகும். பதில் ஒருவேளை இப்போதே வந்துவிடாதா என்று ஐந்து நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், குழந்தைங்க காப்பகம் ஆறு மணிக்கு மூடிருவாங்க," என்றாள் அந்தப் பெண். "என் பொண்ணு ஒத்தையா உக்காந்திருக்கும்."

அவர் நிறுத்தினார்.

கேட் திறந்தபோது மணி ஆறு ஏழு. எல்லாரும் அவரைப் பார்க்காமல் வெளியே ஓடினார்கள். பஸ் ஏழு நிமிஷம் முன்னால் போயிருந்தது. அவர் வரவேற்பறை நாற்காலியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வார்டு நம்பருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். என்ன சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. எடுக்காததே நல்லது என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மேடம் பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'இரண்டு நாள் லீவ் தந்திருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"இது செல்லுமா மேடம்?"

"செல்லலைன்னா என்னை வந்து கேக்கட்டும். நீங்க காலைல முதல் பஸ்ஸுக்குப் போங்க."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காலை ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பத்து மணி ஆனபோது பஸ் ஒரு ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது உள்ளே கொண்டு போயிருப்பார்கள். போகும்போது அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார். பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்டார். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மணிக்கு வார்டுக்குள் ஓடினார். அப்பாவுக்குக் கொடுத்திருந்த மூன்றாவது கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் அப்பாவின் செருப்பைக் காணோம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அவரைப் பார்த்து நின்றாள்.

"நீங்க இவரு பையனா? போன்ல பேசுனேனே."

"ஆமா சிஸ்டர். லேட்டாயிருச்சு." அவர் காலிக் கட்டிலைக் காட்டினார். "உள்ள கொண்டு போயி மூணு மணி நேரம் ஆயிருக்கும்ல? போகும்போது என்னைக் கேட்டாரா?"

"உள்ள எங்க சார்? கீழ எக்ஸ்ரே எடுக்க நடந்து போயிருக்காரு," என்றாள் நர்ஸ். "ஆபரேஷன் அடுத்த வெள்ளிக்கிழமைதான், பையனுக்கு மட்டும் ஒரு வாரம் முன்னாடி தேதியாச் சொல்லும்மான்னு அவருதான் சொன்னாரு, நீங்க இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு அவரே எதிர்பாக்கலை."