பிலிம் காட்டுன சாரு

மெட்ராஸ்ல பந்தா வுட்டு பிலிம் காட்டாத மனுசன் கெடையாது. ஆனா நெசமாவே பிலிம் காட்டுனது எங்க பிலிம் சாரு ஒருத்தர்தான்.

அடையாறு பக்கம் ஒரு காலேஜு லேப்ல நான் பெருக்கித் தொடைக்கிற வேலை. சாருக்கு மயிலாப்பூரு. பிளாஸ்டிக்க கஞ்சியாட்டம் கரைச்சு, வெள்ளித்தூள கலந்து, கண்ணாடி மேல ஊத்திக் காய வெப்பாரு. உரிச்சா வெங்காயத்தோலு கணக்கா மஞ்சளா வரும். அதான் பிலிம். அதுமேல லேசர் லைட்டால கோடு இழுத்தா, வெள்ளியெல்லாம் ஒண்ணு சேந்து, கோட்டுல கரண்டு ஓடுமாம்.

"ஓடிச்சா சார்?"

"ஓடும் அஞ்சலை."

பத்து வருசமா இதே பதிலுதான்.

தூசி ஆவாதுன்னு தலையில குளிக்கிற தொப்பி. மே மாசத்துலகூட ஃபேன் கெடையாது. ஒரு தபா நான் தும்மிட்டேன். "தும்மிண்டே உள்ள வராதே, கொழந்த காஞ்சிண்டிருக்கா"ன்னாரு. கொழந்தைன்னது பிலிம. வெளிய போயி மிச்சத் தும்மல முடிச்சுகினு வந்தேன்.

ஒருநாளு டிபார்ட்மெண்டுக்கே தலைவரு, பெரிய சாரு வந்து, "வர்ற வெள்ளிக்கெழமை கோட்டுல பல்பு எரியணும். இல்லாட்டி லேசர் மிஷினு பக்கத்து டிபார்ட்மெண்டுக்குப் போயிரும்"ன்னாரு. திரும்பிப் போவசொல்ல, "சும்மா பிலிம் காட்றாரு"ன்னு ஒரு சிரிப்பு. நம்ம சாருக்கு அந்த பாஷ தெரியாது. "ஆமா, ஃபிலிம்தான் காட்டப்போறேன்"ன்னாரு, பெருமையா.

வெள்ளிக்கெழமை கையில ரெண்டே பிலிம். மொதல்ல வெச்சதுல லேசர் பட்டதும் பொஸ்ஸுன்னு ஓட்ட வுழுந்துச்சு. லேப் பூரா தீஞ்ச நாத்தம். பெரிய சாரு வாட்ச பாக்குறாரு.

நான் மாப்ப புடிச்சிகினு நிக்கிறேன். வாயி சும்மா கெடக்குமா?

"இன்னா சார், இஸ்திரி போடசொல்ல காட்டனுக்கு வெக்கிற சூட்ட நைலக்ஸுக்கு வெச்சா ஓட்ட வுழாம பூவா வுழும்? சூட்ட கொறைச்சு நாலு தபா தேயி சார்."

பெரிய சாரு மொறைச்சாரு. பிலிம் சாரு மொறைக்கல. தொப்பிய சரி பண்ணிகினு, மிஷினுல சூட்ட கொறைச்சாரு. ஒரு தபா, ரெண்டு தபா, மூணு தபா. கோடு கருத்துச்சு. நாலாவது தபா வெள்ளையா மினுங்கிச்சு. ஒயர வெச்சாரு. கடுகு சைஸ் பல்பு. எரிஞ்சுது.

நான்தான், "பெரிய சார், பிலிம் காட்டிட்டாரு பாத்தியா"ன்னேன். அவருதான் மொத ஆளா கை தட்னாரு. மிஷினு எங்க லேப்லயே நின்னுடுச்சு.

சாரு இப்ப ரிடையராயிட்டாரு. பல்பு எரிஞ்ச பிலிமு காலேஜு கண்ணாடிப் பொட்டில கீது. ஓட்ட வுழுந்தத குப்பையில போடச் சொல்லி என் கையில குடுத்தாரு. அது என் சுருக்குப் பையில கீது.

இத்தினி வருசத்துல நான் கொட்டாத குப்பை அது ஒண்ணுதான்.