அறுபது ஜோடிக் கண்கள்

"ஏண்டி செந்தாமர, உன் பொட்டிங்கெல்லாம் ஏன் என்னியே பாத்துக்கினு இருக்குது?"

வாசற்படியில் நின்றுகொண்டு செண்பகம் இப்படிக் கேட்டபோது செந்தாமரை தலை நிமிரவில்லை. அறுபதாவது பெட்டியின் மூடியை முடைந்து முடித்து, கடைசி நுனியில் பசை தடவி உள்ளே செருகிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுச் செண்பகம் பட்டுநூல் வளையல் செய்கிறவள். அவள் எது கேட்டாலும் அதில் பாதி பொறாமை என்று செந்தாமரை நம்பினாள். முழுவதும் பொறாமைதான் என்று ஒலக்கூர் ஊரே நம்பியது.

"பொட்டி எங்கனா பாக்குமாக்கா?"

"இங்க வந்து நின்னு பாரு."

செந்தாமரை எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

சுவரோரம் அடுக்கியிருந்த காகிதப் பெட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே ஆள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் வீணாகிப்போகும் போஸ்டர்களை மிஷினிலேயே இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கிக் கட்டாகக் கொடுப்பார்கள். அந்தப் பட்டைகளை ஓலைப்பெட்டி முடைவது போல முடைந்து, வார்னிஷ் அடித்து, வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் வைத்துக் கொடுக்கிற பரிசுப் பெட்டியாகச் செய்வாள் செந்தாமரை. இந்தத் தடவை வந்த கட்டில், மாநிறத்தில் கறுப்புக் கோலம் போட்ட மாதிரி ஒரு பட்டை நிறைய இருந்தது. பெட்டியின் ஊதாவுக்கு எடுப்பாக இருக்குமே என்று எல்லா மூடிகளின் முன்பக்கத்திலும் அதையே வைத்துவிட்டாள். சுவர் போஸ்டர் கிட்டத்தில் பார்த்தால் வெறும் புள்ளிதான். நாலு அடி தள்ளி நின்றால்தான் அது கண்.

மிச்சமிருந்த பட்டைகளை அவள் அவசரமாகக் கிளறினாள். ஒன்றில் 'திரு. விருத்தாசலம்' என்று இருந்தது. இன்னொன்றில் 'ண்ணீர் அஞ்ச' என்று இருந்தது. மூன்றாவதில் 'யற்கை எய்தி' என்று இருந்தது. நாலாவதை அவள் எடுக்கவில்லை.

"செத்தவராக்கா?"

"செத்தவரு கண்ண மூடி வைப்பாங்க. நீ அறுபது தபா தொறந்து வெச்சிருக்க," என்றாள் செண்பகம். சொல்லிவிட்டு உள்ளே வராமலே போய்விட்டாள்.

சனிக்கிழமை விழுப்புரத்தில் மகளிர் குழுக்களின் கைவினைக் கண்காட்சி. அவர்கள் குழுவுக்கு ஒரே ஒரு மேசை. இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் அது செந்தாமரைக்குக் கிடைத்திருந்தது. குழுத்தலைவி அம்மணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "அறுவதும் போணியாவணும். ஒண்ணு திரும்பி வந்தாலும் அடுத்த தபாவுலேர்ந்து மேசை செண்பகத்துக்கு." மேசை மேல் பெயர் எழுதிய அட்டை வைப்பார்களாம். எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டுக்குப் பிறகு செந்தாமரையின் பெயரை ரேஷன் கார்டு தவிர வேறெங்கும் யாரும் எழுதியதில்லை.

இன்னும் மூன்று நாள் இருந்தது. அறுபது பெட்டி புதிதாக முடைய மூன்று வாரம் வேண்டும்.

முதலில் அந்தக் கண்களை மறைக்கப் பார்த்தாள். ரோஸ் காகிதத்தில் நூற்றிருபது பூ செய்து, ஒரு கண்ணுக்கு ஒரு பூவாக ஒட்டினாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்தது. அவள் புருஷன் சிங்காரம் குட்டியானை வண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை இறக்கிவிட்டு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாங்க, நல்லாருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது. செருப்ப வெளிய வுட்டுட்டு வரணுமா?"

"ஏன்?"

"மொகத்துமேல பூ போட்டு வெச்சிருக்கியே. மால கீல வாங்கியாரலியே நானு."

பூக்களைப் பிய்த்தாள். அடுத்து கறுப்பு பெயின்ட். கண்கள் இருந்த இடத்தில் அகலமாக ஒரு கோடு இழுத்தாள். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தாள். விருத்தாசலம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டிருந்தார். முன்பாவது எங்கே பார்க்கிறார் என்று தெரிந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பெயின்டைத் துடைத்தாள். கறுப்பு போய்விட்டது. கண் மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று, ஈரமாக, இப்போதுதான் அழுது முடித்த மாதிரி வந்து நின்றது.

அவள் வீடு பெருக்கினாள், கண்கள் துடைப்பத்தோடு போய் வந்தன. அரிசி களைந்தாள், முதுகில் ஏதோ ஊர்ந்தது. தினமும் பத்து மணிக்குத் தவிடு தின்ன உள்ளே வரும் கோழி வாசலில் நின்று ஒரு காலைத் தூக்கி யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. வெயில் எரிகிற பட்டப்பகலில் வீட்டுக்குள் மட்டும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

மாற்றி வைக்க வேறு பட்டை போதாததால், வியாழக்கிழமை மூடிகளை எல்லாம் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி முடைந்தாள். இப்போது வெளியே சுத்த வெள்ளை. தள்ளி நின்றாள், கிட்டப் போனாள், படுத்துக்கூடப் பார்த்தாள். யாரும் இல்லை. முதல்முறையாகச் சோறு இறங்கியது.

சாயங்காலம் சிங்காரம் வந்தான். "பீடிக்கட்டு இதுல வெச்சுக்கட்டா?" என்று ஒரு பெட்டியைத் திறந்தான்.

அவன் கையிலிருந்த டீ கிளாஸ் விழுந்து உடைந்த சத்தம் செண்பகம் வீடு வரை கேட்டது.

"உள்ள இருந்துக்கினு பாக்கறாரு டீ! வெளிய இருந்தப்பவாவது சொல்லிட்டுப் பாத்தாரு!"

"கத்தாதீங்க. அக்கம்பக்கத்துல கேக்கப்போவுது."

"கேக்கட்டும். ஒரு ஆளு இத்தினி தபா தலைய நீட்டறாருன்னா அவருக்கு இன்னாவோ வேணும். எதனா துன்ன ஆசப்பட்டிருப்பாரு. படையல் போடு. பேஜாரு முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை காலை மூடிகளை மறுபடியும் பிரித்துப் பழையபடியே முடைந்தாள். திறந்ததும் திடுக்கிடுவதைவிட, வரும்போதே தெரிந்துகொள்வது நல்லதல்லவா. உச்சி வேளைக்கு வாழையிலை போட்டு, கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, அவித்த மல்லாட்டை எல்லாம் வைத்தாள். அந்த ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? சிங்காரம் ஒரு குவார்ட்டரும் வைக்கச் சொன்னான். அதை அவனே பிறகு எடுத்துக்கொள்வான் என்பதால் அவள் வைக்கவில்லை.

கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். "ஐயா, ஆவறது ஆயிடுச்சு. வயிறாரச் சாப்புட்டு, கண்ண மூடிக்குங்க. நாளைக்கு ஒரு நாளு மட்டுமாவது மூடிக்குங்க."

பிறகு வார்னிஷ் அடித்து எல்லாவற்றையும் வெயிலில் வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயிலில் முடைச்சல் இறுகியிருந்தது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. இருபது பெட்டிகளில் விருத்தாசலம் ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தார்.

"கேட்டதுல பாதி செஞ்சிருக்காரு," என்றான் சிங்காரம். "களி பத்தல போல."

சனிக்கிழமை. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேசை மேல் 'செந்தாமரை, ஒலக்கூர்' என்று அட்டை. அதை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கினாள். அம்மணி வந்து, "இன்னாடி, சரக்குக்கு வெக்கமா?" என்று எல்லாவற்றையும் ஜனங்களைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

வந்தவர்கள் நாலு அடி தூரத்தில் நின்றார்கள். பேச்சு நின்றது. நகர்ந்து போனார்கள். அழுதுகொண்டு வந்த குழந்தை ஒன்று அழுகையை விழுங்கிக்கொண்டது. மேசைக்கு முன்னால் மட்டும் யாரும் இல்லாத ஒரு வட்டம் விழுந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு பெண் துணிந்து கிட்டே வந்தாள். "இது திருஷ்டிக்காம்மா? புது வூடு கட்டறோம். கண்ணு வெக்கறாங்க."

செந்தாமரைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"கண்ணடிக்கறது ஒண்ணு குடு. அதான் பவரா இருக்கும்."

அவ்வளவுதான். கறவை மாட்டுக்காரர் வாங்கினார், பியூட்டி பார்லர்க்காரி மூன்று வாங்கினாள், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஆளுக்கொன்று வாங்கியது. மதியத்துக்குள் நாற்பத்தொன்பது பெட்டி போய்விட்டது. தூரத்திலிருந்து அம்மணி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இன்னும் பதினொன்று.

மூன்று மணிக்கு மேசை மேல் ஒரு நிழல் விழுந்தது. செந்தாமரை நிமிர்ந்தாள்.

பெட்டியில் இருந்த கண்கள் மேசைக்கு எதிர்ப்புறமும் இருந்தன. அதே இமை. இடது புருவத்தில் அதே வெட்டு. அவர் பெட்டியைப் பார்த்தார், பெட்டி அவரைப் பார்த்தது.

நாற்காலி கவிழ அவள் எழுந்தாள். "ஐயா, கேப்பக் களி வெச்சனே... கருவாட்டுக் கொழம்பு கூட வெச்சனே... இன்னும் இன்னா ஐயா கொற?"

"எனுக்கா? எப்ப வெச்ச?" என்றார் அவர். "நான் கருவாடு துன்னு நாலு மாசமாவுது. டாக்டரு உப்பே ஆவாதுன்ட்டாரு."

பக்கத்தில் ஒல்லியாக ஓர் அம்மாள், மஞ்சள் பையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். "பயப்படாத கண்ணு. உயிரோடதான் இருக்காரு. தொட்டுப் பாரு."

செந்தாமரை தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

விருத்தாசலத்துக்கு ஓமந்தூர்ப் பக்கம் நிலம். நாலு மாதம் முன்பு மாரடைப்பு வந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள். "என் மருமவன் ஜல்தி பார்ட்டி. ராவோட ராவா போஸ்டரு அடிக்கச் சொல்லிட்டான். ஒட்டறதுக்குள்ள நான் கண்ண முழிச்சிட்டேன். அவனுக்கு இன்னா பண்றதுன்னே தெரில."

"நீங்க எப்படி இங்க..."

"பங்காளி ஒருத்தன் இங்க வந்து ஒரு பொட்டி வாங்கியாந்து, 'உன்ன எங்க வூட்டு வாசல்ல தொங்க வுட்டிருக்கேன்'னான். இருப்பு கொள்ளல." அவர் குரலைத் தாழ்த்தினார். "யம்மா, அந்த போஸ்டர எங்க வூட்ல யாரும் கண்ணுல காட்ட மாட்டேன்றாங்க. இன்னா போட்டிருந்தாங்கன்னு பாக்கணும். அத்தப் பாக்காம போய்ச் சேந்துடுவனோன்னு பயமா இருக்குது."

செந்தாமரை மிச்சமிருந்த பதினொரு பெட்டிகளையும் மேசை மேல் பரப்பினாள். பக்கவாட்டில், அடியில், மூடிக்கு உள்ளே என்று அங்கங்கே எழுத்து இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"'பாசமிகு'... இது 'எங்கள் குல வி'... விளக்கா? விளக்குன்னா போட்டான்? இதுல பாரு, 'பண்பாளர்'! ஏம்மே தைலம்மா, பண்பாளராம் நானு! நேருல ஒரு நாளு சொல்லியிருப்பானா அவன்?"

"அதான் போட்டிருக்காரே," என்றாள் அவர் மனைவி தைலம்மாள்.

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். மேசையில் இருபத்திரண்டு கண்கள், துடைத்துக்கொள்ள முடியாமல், ஈரமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பதினொண்ணும் கட்டு. என் கண்ண கண்டவன் வூட்ல வுட்டு வெக்க முடியாது."

பெட்டிகளைப் பெரிய பையில் போட்டுக் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்டோ கூப்பிட அவர் வாசல் பக்கம் நடந்தார். எழுபதை நெருங்கும் மனிதர், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி நடந்தார். தைலம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக நின்றுகொண்டாள்.

மேசை காலி. அட்டையில் பெயர் அப்படியே இருந்தது. அம்மணி நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். செந்தாமரைக்குத் தைலம்மாளின் காலில் விழலாம் போல இருந்தது.

"ஐயா நல்லபடியா பொழச்சு வந்தாரே பெரிம்மா. உங்க தாலி பாக்கியம்."

"ஆமா கண்ணு." தைலம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு மேசை மேல் குனிந்தாள். "நல்ல கெட்டிப் பேப்பரு, படமும் லட்சணமா வுழுந்திருக்குது. வெட்டாத போஸ்டரு எதனா மிச்சம் இருந்தா பத்திரமா எடுத்து வையி. தேதிய மட்டும் மேல ஒட்டி மாத்திக்கலாம்."

செந்தாமரை நிமிர்ந்தாள். தைலம்மாளின் தோளுக்குப் பின்னால், ஆட்டோ வந்துவிட்டது என்று சொல்ல வந்த விருத்தாசலம் நின்றுகொண்டிருந்தார்.

அவர் பதினொரு பெட்டியும் இருந்த பையைத் தோளிலிருந்து இறக்கி மேசை மேல் வைத்தார். பிறகு வந்த வழியே நடந்து போனார்.