ஏழு ஊருக்கு ஒரு டீச்சர்

ஹெட்பர்க் பள்ளியின் வாசலில் காலை வைத்த பிறகுதான் லோர்னா ஹெக்லண்ட் குனிந்து தன் ஸ்வெட்டரைப் பார்த்தாள். நீல ஸ்வெட்டர். அதில் வெள்ளை எழுத்தில், தெருக்கோடியில் நின்றாலும் படிக்கும்படி, 'ரோஸ்லின்' என்று போட்டிருந்தது.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊர்களில் தலைமை ஆசிரியரிலிருந்து சமையற்காரி வரை எல்லோரும் சொந்தப் பள்ளியின் நிறத்தில்தான் வருவார்கள். அதிலும் அன்று சாயங்காலம் ஹெட்பர்க்குக்கும் ரோஸ்லினுக்கும் கூடைப்பந்து ஆட்டம். இந்த ஊர்க்காரர்கள் கல்யாண மண்டபத்தில்கூட அந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

லோர்னா பாவம், எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவள். தெற்கு டகோட்டாவின் அந்த மூலையில் இருக்கும் ஏழு ஊர்களில் எதனாலும் தனியாக ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சரை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் ஏழும் சேர்ந்து ஒரு கல்விக் கூட்டுறவு நடத்தின. ஏழு ஊருக்கும் சேர்த்து ஒரு லோர்னா, ஒரு மனநல ஆலோசகர், காது கேட்கிறதா என்று சோதிக்கும் ஒரு கருவி. கருவி வருகிற அன்று அதைத் தூக்கிக்கொள்ள இரண்டு பேர் வாசலுக்கு ஓடி வருவார்கள். லோர்னா தன் பையைத் தானே தூக்கிக்கொள்வாள்.

அவள் கார் டிக்கியில் ஏழு நிறத்தில் ஏழு ஸ்வெட்டர்கள் இருந்தன. ஊர் எல்லையில் நிறுத்தி மாற்றிக்கொள்வது வழக்கம். அன்று காலை ரோஸ்லினில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியவளுக்கு, பனியில் வழுக்கிய காரைச் சாலையில் வைத்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஸ்வெட்டர் ஞாபகமே வரவில்லை.

வாசலுக்கு உள்ளே வெர்லின் செட்டர் நின்றிருந்தார். ஹெட்பர்க் பள்ளி வாரியத்தின் தலைவர். நாற்பது வருடம் கோதுமை போட்டவர், எதைப் பார்த்தாலும் ஏக்கருக்கு எவ்வளவு தேறும் என்று கேட்கிற மனிதர். கூட்டுறவில் இருப்பதா, விலகுவதா என்று திங்கட்கிழமை வாரியத்தில் ஓட்டெடுப்பு. விலகலாம் என்று முதலில் ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான்.

அவருக்கு ஆதங்கம் இருந்தது. பேத்தி மாரிட்டுக்கு ஏழு வயது. அம்மாவின் காதில் மட்டும் ஏதோ முணுமுணுப்பாள். மற்றபடி வாயே திறக்க மாட்டாள், தாத்தாவுக்குக்கூடத் தலையாட்டல்தான். இரண்டு வருடமாக வாரத்தில் இரண்டு நாள் லோர்னா அவளோடு தரையில் உட்கார்ந்து படம் காட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு நாள் அந்தக் குழந்தை, "முயல்" என்று கிசுகிசுத்தது. லோர்னா காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். விஷயம் வெர்லினுக்குப் போனபோது அவர், "ரெண்டு வருஷத்துக்கு ஒரு முயலா?" என்று கேட்டார்.

ஹெட்பர்க் விலகிவிட்டால் அந்த இரண்டு நாளும் போய்விடும். மாரிட் திரும்பவும் தலையாட்டிக்கொண்டே வளர்ந்துவிடுவாள். 

வெர்லின் அவள் ஸ்வெட்டரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏம்மா, எங்க ஊருக்குள்ளயே இதைப் போட்டுட்டு வர்றியே, உனக்கே நல்லாருக்கா?"

லோர்னா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "குளிர்ல நடுங்கிட்டிருந்தேன். பாவம்னு அவங்க ஒண்ணு குடுத்தாங்க. மத்தபடி எனக்கு ஹெட்பர்க்தான் சொந்த ஊர் மாதிரி."

"அப்படியா? அப்போ சாயங்காலம் நம்ம ஊர்ச் சிவப்புல வந்து என் பக்கத்துல, முதல் வரிசையில உக்காரு. வாரியத்துக்காரங்க எல்லாரும் பாக்கட்டும். நீ நம்ம ஆளா அவங்க ஆளான்னு தெரிஞ்சுக்கிட்டு திங்கக்கிழமை கையைத் தூக்குறோம்."

சரியென்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

வாசலில் சொன்ன சொல் இருபது மைல் தாண்டி ரோஸ்லின் போக இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஹெட்பர்க் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் பெண்ணின் தங்கைதான் ரோஸ்லினில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கூட்டுறவின் இயக்குநர் மில்டன் பிராக்கி போனில் வந்துவிட்டார்.

மில்டன் உதவி செய்வதற்கென்றே பிறவி எடுத்தவர். யார் எந்தக் குறை சொன்னாலும் அதற்கு ஒரு பயிற்சி முகாம் வைத்துவிடுவார். 'பகிர்ந்துகொள்வது எப்படி' என்று போன மாதம் வைத்த முகாமுக்கு, சிக்கனம் கருதி ஏழு ஊரும் சேர்ந்து ஒரே ஆளை அனுப்பின. அந்த ஆளும் பனியில் வழி அடைபட்டுத் திரும்பிப் போய்விட்டார். மில்டன் காலி நாற்காலிகளுக்கு மூன்று மணி நேரம் பாடம் நடத்தி, நன்றியும் சொல்லி முடித்தார்.

ரோஸ்லின் வாரியத் தலைவி ஜோலீன் ஃபோஷைம் கொதித்துப்போயிருப்பதாக அவர் சொன்னார். நாலு வருடமாக நம்ம பொண்ணு என்று நினைத்திருந்தோம், ஸ்வெட்டரைப் பிச்சை போட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், ஹெட்பர்க்தான் சொந்த ஊர் என்றால் ரோஸ்லினும் விலகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாளாம். மில்டன் சும்மா இருப்பாரா? சாயங்காலம் லோர்னா நீலத்தில் வந்து ரோஸ்லின் பக்கம்தான் உட்காருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

லோர்னா வெர்லினுக்குத் தான் கொடுத்த வாக்கைச் சொன்னாள். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"கவலையே படாதே. இதுக்கு ஒரு அட்டவணை போட்டுடறேன். முதல் பாதி சிவப்பு, ரெண்டாம் பாதி நீலம். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கோ. இடைவேளையில மேல இருக்கறதைக் கழட்டிட்டு அந்தப் பக்கம் போயிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

ஆட்டம் ரோஸ்லின் பள்ளியின் உள்ளரங்கத்தில் நடந்தது. வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது, உள்ளே அரங்கத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன. இரண்டு ஊரும் ஆளுக்கொரு பக்கம் அடைந்திருந்தன. நீலத்தின் மேல் சிவப்பைப் போட்டுக்கொண்டு லோர்னா ஹெட்பர்க் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் வெர்லின், இன்னொரு பக்கம் மாரிட். வெர்லின் வாரியத்துக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவளைக் காட்டினார். போன வருடம் புது அறுவடை இயந்திரத்தையும் இப்படித்தான் காட்டினார்.

எதிர்ப்பக்கத்தில் ஜோலீன் எழுந்து நின்று கூட்டத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் லோர்னா குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். முதல் பாதிக்குள் பதினோரு தடவை கட்டியிருப்பாள். அவள் போட்டிருந்ததோ நாடாவே இல்லாத பூட்ஸ்.

வெர்லின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இப்படி வேர்க்குது? அந்த ஸ்வெட்டரைக் கழட்டி வைச்சாத்தான் என்ன?" என்றார்.

"இல்லீங்க, எனக்குக் குளிருது."

"உனக்கு எப்பப் பாத்தாலும் குளிர்தான்" என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மில்டன் மைக்கைப் பிடித்தார். லோர்னா பக்கம் மாற ஒரு சாக்கு இல்லையே என்று தன் அட்டவணையில் ஒரு குறை இருந்ததாகவும் அதைத் தீர்த்துவிட்டதாகவும் அவருக்கு ஒரே பெருமை. இடைவேளையில் கேக் குலுக்கல் நடக்கும், சீட்டு எடுக்கப் போகிறவர் நம் கூட்டுறவின் லோர்னா, இரண்டு ஊருக்கும் செல்லப்பிள்ளை, நடு மைதானத்துக்கு வந்து எல்லோருக்கும் காட்சி தருவார் என்று அறிவித்தார்.

 சிவப்பில் போனால் ரோஸ்லின் போய்விடும். நீலத்தில் போனால் ஹெட்பர்க் போய்விடும். இரண்டையும் கழற்றிவிட்டுப் போகலாமென்றால் உள்ளே இருப்பது அங்கங்கே ஓட்டை விழுந்த பழைய உள்சட்டை. மணி அடித்ததும் எழுந்து ஓடினாள். ஓடும்போதுதான் வழி தோன்றியது. சிவப்பு ஸ்வெட்டரின் உள்பக்கம் வெறும் சாம்பல் நிறம். அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டால் எந்த ஊரும் இல்லை.

இருக்கைகளுக்குப் பின்னால் இருட்டாக ஓர் இடுக்கு இருந்தது. அங்கே நின்று சிவப்பைத் தலைவழியாக உருவினாள். அது கொண்டை ஊசியில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஒரு வழியாகத் தலை வெளியே வந்தபோது, எதிரில் பாப்கார்ன் பொட்டலத்தோடு மாரிட் நின்று கொண்டிருந்தாள். டீச்சரின் உடம்பில் நீலம், கையில் சிவப்பு. குழந்தையின் கண்கள் இரண்டுக்கும் மாறி மாறிப் போயின.

லோர்னா உதட்டில் விரலை வைத்தாள். "மாரிட், செல்லம், இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. சரியா?"

இரண்டு வருடமாக அந்தக் குழந்தையிடம் பேசு, பேசு என்று கெஞ்சியவள்தான். பதற்றத்தில் அவளுக்கு அது உறைக்கவே இல்லை. மாரிட் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நடு மைதானத்துக்கு லோர்னா சாம்பல் நிறத்தில் வந்தாள். தையல் பிரிகளும் துவைக்கும் முறை எழுதிய துணிச்சீட்டும் வெளியே தொங்கின. ஒரு கணம் அரங்கமே அவள் எந்த ஊர் என்று தேடிப் பார்த்தது. பிறகு இரண்டு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது.

முதலில் ஜோலீன் இறங்கி வந்தாள். "நீலம் எங்கம்மா? மில்டன் வாக்குக் குடுத்தாரே."

"உங்களுக்கு வாக்கா?" என்று மறுபக்கத்திலிருந்து வெர்லின் வந்தார். "என் பக்கத்துல சிவப்புல உக்காந்திருந்தாளே, இப்போ அது எங்க போச்சு?"

ஜோலீன் மில்டனைப் பார்த்தாள். வெர்லினும் பார்த்தார். தன் அட்டவணையில் இதற்கு இடமில்லை என்று கண்ட மில்டன், கொஞ்சம் பின்வாங்கி மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். அதை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"ஸ்வெட்டர் கிடக்கட்டும்," என்றார் வெர்லின். அவர் குரல் கூரையில் மோதித் திரும்பியது. "நீ எந்த ஊரா வேணா இருந்துக்கோ. நாலு வருஷமா எங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றே. எங்களுக்குன்னு என்ன செஞ்சே? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இல்லேன்னா திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே முடிச்சுக்கலாம்."

லோர்னா வாயைத் திறந்தாள். ஏழு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. முயலைப் பற்றி மறுபடி சொல்ல வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. 

பாப்கார்ன் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மாரிட் எப்போதோ மைதானத்துக்குள் வந்திருந்தாள். மில்டனின் கையில் தொங்கிய மைக் சரியாக அவள் வாய் உயரத்துக்கு இருந்தது. அவள் அம்மாவைத் தவிர இரண்டு ஊரிலும் யாரும் கேட்டிராத ஒரு குரல், மெல்லியதாக, ஒரு எழுத்து சிதையாமல், ஒலிபெருக்கிகளில் வந்தது.

"தாத்தா, டீச்சர் உள்ள நீலம் போட்டிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சொன்னாங்க."