முன்சக்கர மரியாதை

ஓர் அமைச்சர் எவ்வளவு பெரியவர் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அவர் போகும்போது மற்றவர்கள் எத்தனை நிமிடம் ரோட்டில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தலைநகர் அக்ராவில் எங்கள் மார்க்கெட் சந்திப்பில் மீன்வளத் துறைக்கு ஒன்பது நிமிடம் நிற்போம். சாலைகள் மற்றும் சந்திப்புகள் துறை அமைச்சர் மாண்புமிகு போர்ட்டே அவர்களுக்குப் பதினெட்டு நிமிடம். அவர் துறை போட்ட ரோடு அப்படி.

அவருடைய கார் வரிசைக்கு முன்னால் சைரன் அலற, வெள்ளை நிற ஸ்போர்ட்ஸ் பைக்கில் போகிறவர் சார்ஜென்ட் எபனேசர் ஒடாமெட்டே. ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் வண்டியின் இரண்டு சக்கரங்களும் ஒரு தடவைகூடத் தரையை விட்டுப் பிரிந்ததில்லை. காலியான ரோட்டில் திரும்பினாலும் இண்டிகேட்டர் போடுவார். முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் அடிக்கிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ரத்தம் கொதிக்கும். நீமா பேட்டையைச் சேர்ந்த மெமுனா என்ற பெண்ணை மட்டும் நாலு தடவை பிடித்திருக்கிறார். நாலாவது தடவை வண்டியையே பறித்து, ஸ்டேஷன் வளாகத்து மாமரத்தடியில் சாட்சிப் பொருளாக நிறுத்திவிட்டார். அதன் சீட்டில் இப்போது ஒரு கோழி அடைகாக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

சந்திப்பில் ஓர் ஆடு நடு ரோட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. சார்ஜென்ட் பிரேக் போட்டு, கிளட்சைப் பிடித்து, ஆடு ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தார். பின்னாலிருந்து அமைச்சர் காரின் டிரைவர் ஹாரனை அழுத்தினான். சார்ஜென்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது கை ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்க, இடது கை விரல்கள் கிளட்சிலிருந்து நழுவின. முன்சக்கரம் விருட்டென்று வானத்தைப் பார்த்து எழுந்தது. சார்ஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த எல்லா ஜெபத்தையும் மொத்தமாகச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது சக்கரம் தரையில் இருந்தது, ஆடு பின்னால் இருந்தது, மார்க்கெட்டே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன்?

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அமைச்சர் சத்தம் கேட்டு விழித்தார். பதவிக்கு வந்ததிலிருந்து அவரைப் பார்த்து ஜனங்கள் கைதட்டிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அமைச்சகத்திலிருந்து அழைப்பு. அரசு மரியாதைகளைக் கவனிக்கும் மரபுமுறை அதிகாரி திரு. அடுசெய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் தும்மினாலும் மூன்று நகல் எடுத்து வைப்பார்.

"சார்ஜென்ட், நேத்து முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியிருக்கு."

"ஆமா சார்."

"கட்டுப்பாடு தவறிக் கிளம்புச்சா? அப்படின்னா அது அமைச்சரோட உயிருக்கு ஆபத்து விளைவிச்ச குற்றம். பென்ஷன் போயிடும், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். இல்ல, மரியாதை நிமித்தமா கிளம்புச்சா?"

சார்ஜென்ட்டுக்கு மனைவியின் முகமும் குவார்ட்டர்ஸ் வாசலில் அவள் வைத்த பப்பாளி மரமும் கண்முன் வந்தன.

"மரியாதைதான் சார்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று அடுசெய் பேனாவைத் திறந்தார்.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்துவிட்டது. மேற்படி மரியாதை இனி "முன்சக்கர உயர்த்து மரியாதை" என வழங்கப்படும். அமைச்சர்களுக்கு நாற்பத்தைந்து டிகிரி, நூறு மீட்டர். துணை அமைச்சர்களுக்கு முப்பது டிகிரி, அறுபது மீட்டர். இயக்குநர்களுக்குச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு கோப்பு நுழைந்தால் போதுமானது. முன்னாள் அமைச்சர்களுக்குச் சக்கரம் லேசாக நடுங்கலாம். கோணத்தை அளக்கக் கோணமானியோடு ஓர் அலுவலர் ரோட்டோரம் நிற்பார். மரியாதை முடிந்து முன்சக்கரம் தரையைத் தொடும்வரை பின்னால் வரும் எந்த வாகனமும் நிற்கவோ, விலகவோ, முந்தவோ கூடாது.

பொதுமக்கள் வீலிங் அடித்தால் கைது என்ற பழைய சட்டம் அப்படியே இருந்தது. மரியாதை வேறு, வீலிங் வேறு அல்லவா?

மற்ற அமைச்சர்களுக்கு முன்னால் பைக்கில் போகும் பைலட்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கல்வித் துறைக்காரர் தன் பைக்கின் முன்சக்கரத்தைத் திறந்த வேனின் பின்புறத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு ஒப்பேற்றினார். எல்லோரும் சார்ஜென்ட் ஒடாமெட்டேயைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவரோ சாப்பாடு இறங்காமல் கிடந்தார். காரணம், க்ளோமேட்டி ரோட்டுத் திறப்பு விழா. மூன்று வாரம்தான் இருந்தது. மொத்த அமைச்சரவையும் வரப்போகிறது. முன்னால் போய் நாற்பத்தைந்து டிகிரியில் நூறு மீட்டர் மரியாதை செய்யவேண்டியவர் அவர்தான்.

துணிந்து அடுசெய்யிடம் போய், "சார், கொஞ்சம் பயிற்சிக்கு அனுமதி கிடைக்குமா?" என்று கேட்டார்.

"பயிற்சியா? தெரியாதவனுக்குத்தானே பயிற்சி? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பின்னே?"

"சும்மாதான் கேட்டேன் சார்."

அன்று சாயங்காலம் சார்ஜென்ட் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு நீமாவுக்குப் போனார். ஒரு மெக்கானிக் கடை வாசலில் மெமுனா உட்கார்ந்து வாழையிலையில் வாச்சே என்ற பயறுச் சோறு தின்றுகொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினாள்.

"சத்தியமா நான் நடந்துதான் போறேன், சார்ஜென்ட்டு. வண்டியத்தான் நீங்க கோழிக்குக் குடுத்துட்டீங்களே!"

"சத்தம் போடாதே பொண்ணு. எனக்கு ஒண்ணு கத்துக்குடு."

"என்னது?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒற்றை விரலை மெல்ல மேலே தூக்கிக் காட்டினார். மெமுனா ஐந்து நிமிடம் சிரித்தாள். புரையேறித் தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

"அப்போ அந்த ஆட்டுச் சந்திப்புல..."

"பயத்துல நடந்தது. வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது."

"என் வண்டி வெளிய வரணும். அதான் ஃபீஸு."

"வரும். நான் கொண்டுவந்து நிறுத்துறேன்."

பயிற்சிக்கு அவள் கூட்டிப்போன இடம் க்ளோமேட்டி ரோடேதான். கோப்புப்படி பதினோரு கிலோமீட்டர் நாலுவழிச் சாலை. மூன்று தடவை திறந்தாயிற்று. உண்மையில் நாலாவது கிலோமீட்டரில் தார் முடிந்து, மரவள்ளித் தோட்டம் ஆரம்பிக்கும். போக்குவரத்தே கிடையாது. ஊரில் வீலிங் பழக அதைவிட நல்ல ரோடு இல்லை என்று மெமுனா சொன்னாள். சார்ஜென்ட்டுக்கு அமைச்சகத்தின் மீது முதல்முறையாக நன்றி வந்தது.

மெமுனாவின் ஒன்றுவிட்ட அண்ணனுடைய பைக்கில் பாடம் தொடங்கியது.

"ஃபர்ஸ்ட் கியர். மெதுவா உருட்டு. இடது கை ரெண்டு விரல் கிளட்ச்ல. வலது கால் எங்க இருக்கு?"

"தரையில."

"அய்ய! பின் பிரேக்ல வை. சக்கரம் ரொம்ப மேல போச்சுன்னா பின் பிரேக்கை லேசா மிதி, இறங்கிடும். அந்த பிரேக்தான் உனக்கு அம்மா, அப்பா, பென்ஷன் எல்லாம்."

சார்ஜென்ட் வண்டியை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, "பின் பிரேக்: அம்மா, அப்பா, பென்ஷன்" என்று எழுதிக்கொண்டார்.

"எழுதினா வராது, சார்ஜென்ட்டு! முட்டியால டேங்க்கை இறுக்கு. கிளட்சைப் பிடி, ஆக்சிலேட்டரை முறுக்கு, பட்டுன்னு விடு. கைப்பிடியப் பிடிச்சு இழுக்காதே. என்ன பண்றே?"

"இண்டிகேட்டர் போடறேன்."

"எந்தப் பக்கத்துக்கு?"

அவர் யோசித்தார். மேலே போவதற்கு இண்டிகேட்டர் இல்லாதது வாகனத் தயாரிப்பின் பெரிய குறை என்று அவருக்குப் பட்டது.

முதல் வாரம் சக்கரம் எழவே இல்லை. இரண்டாவது வாரம் எழுந்தது, கூடவே சார்ஜென்ட்டும் எழுந்து பின்பக்கமாகத் தார் ரோட்டில் உட்கார்ந்தார். மனைவியிடம் ஆபீஸ் நாற்காலி உடைந்ததாகச் சொன்னார். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது நடந்தது. கிளட்சை விட்டார், முன்சக்கரம் எழுந்தது, எழுந்தது, ஓரிடத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது. பாரமே இல்லை. இருபத்தாறு வருஷம் கட்டிச் சுமந்த ஏதோ ஒன்றை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஐம்பது மீட்டர் போய் அழகாக இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏம்மா மெமுனா, இவ்வளவு நல்லா இருக்குமா இது? இதுக்கா உன்னை நாலு தடவை பிடிச்சேன்?"

"அஞ்சாவது தடவை பிடிக்கும்போது ஞாபகம் வச்சுக்கோ, பெரியவரே," என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

விழா நாள் வந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் பந்தல், நாற்காலி, முரசு. அதற்கப்பால் கிட்டத்தட்ட தார் முடியும் இடம்வரை, அரைக் கிலோமீட்டருக்குப் புதிதாக வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் மார்க்கெட்டே அங்கே திரண்டிருந்தது. ரோட்டைப் பார்க்கவா வந்தோம்? சக்கரத்தைப் பார்க்க வந்தோம். ஓரத்தில் அடுசெய் கோணமானியோடு நின்றார்.

சைரன் கேட்டது. சார்ஜென்ட் இரண்டு விரலைக் கிளட்சில் வைத்தார், முட்டியை இறுக்கினார், பட்டென்று விட்டார். வெள்ளை பைக் முன்னங்கால் தூக்கி நின்றது.

"நாற்பத்தைந்து!" என்று அடுசெய் கத்தினார். கூட்டம் அதிர்ந்தது. ஐம்பது மீட்டர், எண்பது, நூறு. சார்ஜென்ட்டின் பென்ஷன் பிழைத்தது, பப்பாளி மரம் பிழைத்தது. பந்தலுக்கு நேரே சக்கரத்தை இறக்கவேண்டியதுதான் பாக்கி.

அவர் இறக்கவில்லை.

தெரிந்தே செய்தாரா என்று இன்றைக்கும் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். "சுகமா இருந்துச்சுப்பா, அவ்வளவுதான்" என்பார். பந்தலைத் தாண்டினார். பின்னால் வந்த பதினேழு கார்களும் தாண்டின. முன்சக்கரம் தரையைத் தொடும்வரை நிற்கவோ, விலகவோ, முந்தவோ கூடாதே! வெள்ளைக் கோடு முடிந்தது, கார்கள் நிற்கவில்லை. தார் முடிந்தது, அப்போதும் நிற்கவில்லை. மொத்த அமைச்சரவையும் செம்மண்ணில் குதித்து, சைரனோடு மரவள்ளித் தோட்டத்துக்குள் நுழைந்தது. அங்கேதான் சார்ஜென்ட்டின் முன்சக்கரம் மெல்லத் தரையில் இறங்கியது. போர்ட்டே அவர்களின் கார் கதவைத் திறந்தபோது மரவள்ளிச் செடி ஒன்று உள்ளே தலை நீட்டியது.

மறுநாளே விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்று அமர்வில் அறிக்கை வந்தது. சாலை பதினோரு கிலோமீட்டர் என்பது கோப்பில் உள்ளது. தோட்டம் எந்தக் கோப்பிலும் இல்லை. எனவே தோட்டமானது அரசுச் சாலைக்குள் அத்துமீறி நுழைந்துள்ளது. மரவள்ளி பயிரிட்டவருக்கு நோட்டீஸ் போனது. சார்ஜென்ட் செய்தது அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் மரியாதை என்று பதிவானது. இதுவரை எந்த அமைச்சருக்கும் கிடைக்காத நீளம் என்பதால் போர்ட்டே அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"சார்ஜென்ட், என்ன வேணும்? கேளுங்க!"

"மாமரத்தடியில இருக்கற ஒரு பைக், சார்."

இதற்குள் ஊரில் வேறு பேச்சே இல்லை. மணப்பெண் கார் முன்னால் வீலிங், சவ ஊர்வலம் முன்னால் வீலிங். கென்கே என்ற சோளமாவு உருண்டை விற்கிற கோர்க்கோரின் தள்ளுவண்டிக்கு இருப்பதே ஒற்றைச் சக்கரம். அதையும் தூக்கியாக வேண்டுமென்று தள்ளுவண்டியைத் தலையில் வைத்து நடந்தாள். சுற்றறிக்கைக்குத் திருத்தமும் வந்தது: அமைச்சரைக் கடக்கும் பொதுமக்களும் விரும்பினால் மரியாதை செய்யலாம். அடுத்த வாரமே இரண்டாவது திருத்தம்: விரும்ப வேண்டும்.

வண்டியை விடுவிக்கும் நாளில் அமைச்சரே ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டார், படம் எடுக்கத்தான். கோழிக்கு மாற்று இடம் ஒதுக்கினார்கள். அடுசெய் ஒரு தாளை நீட்டினார். "இந்த வண்டியின் முன்சக்கரம் இனி எக்காலத்திலும் தரையை விட்டு எழாது" என்ற உறுதிமொழி. மெமுனா கையெழுத்துப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். எதிரே, கேட்டை அடைத்தாற்போல் அமைச்சர் நின்றார்.

அவள் சார்ஜென்ட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"தூக்கினா உறுதிமொழிய மீறின குத்தம். தூக்காமப் போனா அவமரியாதைக் குத்தம். எது, சார்ஜென்ட்டு?"

"டீச்சர், எது நல்லா இருக்குமோ அதைப் பண்ணு."

அவள் பண்ணினாள். அமைச்சர் ஒதுங்க, மெமுனா ஒற்றைச் சக்கரத்தில் கேட்டைத் தாண்டிப் போனாள். அமைச்சர் கைதட்டினார். அடுசெய் "கைது! கைது!" என்று கத்தினார். சார்ஜென்ட் கடமை தவறாதவர். தன் பைக்கில் ஏறினார், ஹெல்மெட்டை மாட்டினார், இண்டிகேட்டர் போட்டார், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவளைத் துரத்தினார். எங்கள் சந்திப்பில் இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வானத்தைப் பார்த்துப் போனபோது கை வலிக்கத் தட்டினோம். இன்னும் அவள் பிடிபடவில்லை. அவரும் விடவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் துரத்துகிறார், அஞ்சரைக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

க்ளோமேட்டி ரோடா? யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஐந்தாவது தடவையாகத் திறக்கிறார்களாம். முன்வரிசையில் இப்போதே துண்டு போட்டு வைத்திருக்கிறோம்.