அற்புதம்மாள் புருஷன்

மனு எழுதுவதில் எங்கள் வீட்டுக்காரரை மிஞ்ச திருச்சியில் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, மாதா சாட்சியாகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று மணிக்கே கூவுகிறது என்று சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஒன்பது பக்கம் எழுதினார். அவர் படித்து முடிப்பதற்குள் சேவல் வயசாகிச் செத்துப்போனது.

அப்படிப்பட்டவர், அறுபத்தைந்தாம் வருஷம் ஏப்ரலில் ஒரு சபதம் போட்டார்.

"சகாயம், நம்ம கல்யாணப் பதிவு நகலை நானே வாங்கிக் காட்டுறேன். நீ இதுல தலையிடாதே."

அவர், தைரியராஜ், ரயில்வேயில் குமாஸ்தா. மே முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர்மெண்ட். அவர் காலத்துக்குப் பிறகு எனக்குப் பென்ஷன் வரவேண்டுமானால், நான்தான் பெண்டாட்டி என்பதற்கு அதற்குள் அத்தாட்சி கொடுக்க வேண்டுமாம். முப்பத்துநாலு வருஷம் பொங்கிப் போட்டதும், மூன்று பிள்ளை பெற்றதும் அத்தாட்சியில் சேராதாம்.

கல்யாணம் நடந்தது முசிறிப் பக்கத்து மாதா கோவிலில். சாமியாருக்குக் கடுதாசி போட்டோம். "பழைய புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்க்காருக்கும் ஒரு பிரதி போகும். அங்கே கேளுங்கள்" என்று பதில் வந்தது.

எனக்காக அந்த வெயிலில் ஆறு தடவை சர்க்கார் ஆபீசுக்கு நடந்தார், பாவம். பதினோரு பக்க மனு ஒன்றும் கொடுத்தார். ஏழாவது தடவை நகலோடு வந்து, வாசற்படியில் நின்றே உரக்க வாசித்தார்.

"மணமகன், தைரியராஜ். மணமகள்..." சத்தம் நின்றுவிட்டது.

"என்னங்க?"

"மணமகள், அற்புதம்மாள்."

அற்புதம் என் சிநேகிதி. ஸ்ரீரங்கத்தில் இருக்கிற கிளமென்ட் அண்ணனின் மனைவி. எங்கள் இரண்டு பேர் கல்யாணமும் ஒரே பூசையில் நடந்தது. மறுநாள் சாம்பல் புதன். தவசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் தாலி கட்ட முடியாது. அதனால் கடைசி நாளில் எட்டு ஜோடி வரிசையாக முழங்காலில் நின்றோம். எங்களுக்கு அடுத்த ஜோடி அவர்கள்.

நான் நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

"சகாயம், சர்க்கார் முத்திரை போட்டிருக்கு. இனி நீ யாரோ, நான் யாரோ."

"சரிங்க, நாளைக்கே போய்த் திருத்திக்கிட்டு வாங்க."

"அப்படித் திடுதிப்புனு போகக் கூடாது. முறைப்படி மனு எழுதணும்."

எழுதினார். முதலில் எழுதியது நாலு பக்கம். திருப்தியில்லை. அடுத்தது ஒன்பது பக்கம். அதிலும் இங்கிலீஷ் கொஞ்சம் பணிவாக இருக்கிறது என்று கிழித்தார். மே பதினைந்து ஆகிவிட்டது. இடையில் வீட்டில் புது ராஜ்ஜியம்.

"ஏங்க, அந்தச் சுருட்டை அணைங்க."

"அதைச் சொல்ல நீ யாரு? பேப்பரைப் பாரு."

"ஞாயித்துக்கிழமை, பூசைக்கு எழுந்திரிங்க."

"அற்புதம்மாள் வந்து எழுப்பட்டும்."

பதினாறு நாள்தான் பாக்கி. "நான் ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வரட்டுமாங்க?" என்றேன்.

"நீ அஞ்சாங் கிளாஸ். மனு இல்லாம போனா வாசல்லயே மறிச்சிடுவாங்க."

அன்று சாயங்காலம் ஜெபமாலையில் மூன்றாவது தேவரகசியம் சொல்லும்போது மாதா ஒரு வழி காட்டினாள். மறுநாள் மார்க்கெட்டில் கிளமென்ட் அண்ணனைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்கடுத்த காலை, இவர் பேனாவும் காகிதமுமாக லீவு போட்டு உட்கார்ந்தார்.

"சகாயம், காப்பி."

"எப்படிங்க தர்றது? நீங்க அற்புதத்தோட புருஷன்."

"விளையாடாதே."

"சர்க்கார் முத்திரை விளையாட்டா? அடுத்தவ புருஷனை வீட்டுல வச்சு நான் சோறு போட்டா, பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

அவருக்கு ரோஷம் அதிகம். எனக்கு அதுவும் பிடிக்கும்.

"அப்படியா? ஸ்ரீரங்கத்துக்கே போறேன். என் பெண்டாட்டி சோறு போடுவா."

"போயிட்டு வாங்க. அந்த நகலை வச்சுட்டுப் போங்க, வேர்வையில நனைஞ்சிடும்."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனார். அங்கே நடந்ததை அற்புதம் பிறகு சொன்னாள்.

"வாங்க வாங்க. முப்பத்துநாலு வருஷமா எங்க போயிருந்தீங்க?"

"பசிக்குது அற்புதம்."

"முதல்ல இந்த மிளகாயை மில்லுல அரைச்சிட்டு வாங்க. வர்ற வழியில தரகரைப் பாருங்க, நம்ம கடைசிப் பொண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையல."

"நம்ம பொண்ணா?"

"ஏன், பேப்பர்ல அதைப் போடலையா?"

மில்லில் அவருக்கு முன்னால் இருபது பேராம்.

அந்த நேரம் நானும் கிளமென்ட் அண்ணனும் சர்க்கார் ஆபீசில் நின்றோம். குமாஸ்தா ராமானுஜம், நாமம் போட்ட பெரியவர். நகலை நீட்டினேன்.

"தைரியராஜ் ஆத்துக்காரியா நீங்க?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அவர் மனு பதினோரு பக்கம், அம்மா. அதை வாசிச்ச களைப்போடதான் அன்னிக்கு நகல் எழுதினேன். இப்ப மனு எத்தனை பக்கம்?"

"நாலு வரிங்க. தமிழ்ல."

அவர் முகம் மலர்ந்தது. புத்தகத்தை எடுத்து வந்தார். பாய் மாதிரி அகலம். இடது தாளில் மாப்பிள்ளைகள், வலது தாளில் பெண்கள்.

"நானும் கோவில்ல மாதா பிரார்த்தனை படிக்கும்போது, கண்ணு ஒரு வரி தாவிடுங்க. ஸ்கேல் ஒண்ணு வச்சுப் பாருங்களேன்" என்றேன்.

வைத்தார். ஒரு முனையில் தைரியராஜ். மறுமுனையில் சகாயம்மாள்.

"பெருமாளே" என்றார். அப்போதே புது நகல் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

இவர் மூன்று மணிக்கு வந்தார். கண் இரண்டும் மிளகாய்ச் சிவப்பு. கேட்காமலே சோறு போட்டேன்.

"இன்னைக்குப் பாவமில்லையா?"

தட்டுக்குப் பக்கத்தில் நகலை வைத்தேன். இரண்டு தடவை வாசித்தார். பிறகு மெதுவாக, "அந்தக் குமாஸ்தா என் மனுவைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்றார்.

"முழுசும் வாசிச்சாராம்ங்க."

பொய்யில்லையே. அவர் முகம் தெளிந்து, இன்னொரு கை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு நாள் கழித்து ஆபீசிலிருந்து வந்து, "பென்ஷன் பேப்பர்ல உன் பேர் ஏறிடுச்சு" என்றார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அவர் சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"எங்க ஆபீசருக்கும் ரெண்டு வருஷமா அவரோட கல்யாண நகல் கிடைக்கலையாம். உன்னைச் சர்க்கார் ஆபீசுக்குப் போய்க் கேக்கச் சொல்றார்."

"உங்களை மனு எழுதச் சொல்லலையாங்க?"

"எழுதித் தரேன்னுதான் சொன்னேன். எழுந்து நின்னு கும்பிட்டுட்டார்." கொஞ்சம் தயங்கினார். "நானும் கூட வரட்டுமா?"

"வாங்க. வெயில் கடுமையா இருக்கு, குடை பிடிக்க ஒரு ஆள் வேணும்."